பெயின்ட்பால் களத்தில் பிரிவு எல்லை

போட்டிப் பெயின்ட்பாலில் அணிகள் திறமைப்படி பிரிவுகளாக வகுக்கப்படுகின்றன. அமெரிக்காவின் முதன்மைத் தொடரான நேஷனல் எக்ஸ்பால் லீகில் உச்சியில் தொழில்முறைப் பிரிவு. அதற்கு அடுத்து அரைத் தொழில்முறைப் பிரிவு. அதன் கீழ் இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் பிரிவுகள். புதிதாகச் சேரும் அணி பெரும்பாலும் கடைசிப் படியில் தொடங்கி மேலே ஏறுகிறது. ஓர் அணி தன் பிரிவைச் சேர்ந்த அணிகளோடு மட்டும்தான் மோத வேண்டுமா, மற்றப் பிரிவு அணிகளோடும் மோதலாமா என்பது இந்த ஆட்டத்தில் தீராத வழக்கு. ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தரவரிசைக்குரிய போட்டியில் மோதுவது ஒன்று. உள்ளூர் மைதானம் நடத்தும் திறந்த போட்டியில் மோதுவது இன்னொன்று. வார இறுதிப் பயிற்சியில் மோதுவது மற்றொன்று. மூன்றுக்கும் ஒரே விடை சொல்ல முயல்வதால்தான் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது.

இந்த ஆட்டம் பிறந்ததே சமமில்லாதவர்களின் மோதலில்தான். சார்லஸ் கெய்ன்ஸ் என்ற எழுத்தாளருக்கும் ஹேய்ஸ் நோயல் என்ற பங்குத் தரகருக்கும் ஒரு வாக்குவாதம்: நகரத்தில் பிழைக்கத் தெரிந்தவன் காட்டிலும் பிழைப்பானா, அல்லது காடு பழகியவன் முன் அவன் நிற்க முடியாதா? பாப் கர்ன்ஸி என்பவரும் சேர்ந்துகொள்ள, 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹெனிக்கர் அருகே காட்டுக்குள் 12 பேர் இறங்கினார்கள். கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007 என்ற கைத்துப்பாக்கி. வெட்ட வேண்டிய மரங்களுக்கும் கால்நடைகளுக்கும் வண்ண அடையாளம் இடுவதற்காக வந்த கருவி அது. காட்டில் வைக்கப்பட்டிருந்த எல்லாக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு வென்றவர் ரிச்சி வைட் என்ற வனத் தொழிலாளர். அவர் ஒரு முறைகூடச் சுடவில்லை. காட்டை அறிந்தவருக்குச் சுடத் தேவைப்படவில்லை என்பதே வாக்குவாதத்துக்குக் கிடைத்த பதில். அன்றைய ஆட்டத்தில் பிரிவு என்ற ஒன்று இருந்திருந்தால் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது.

காட்டு ஆட்டத்தில் மரமும் பள்ளமும் புதரும் பலவீனமான பக்கத்துக்கும் கொஞ்சம் கைகொடுத்தன. ஒரே இடத்தில் பதுங்கிக் கிடந்து, தன்னைவிட நல்ல ஆட்டக்காரர் ஒருவரை வீழ்த்தி வெளியே அனுப்பிவிட முடியும். 1992இல் நேஷனல் புரொஃபஷனல் பெயின்ட்பால் லீக் தோன்றிய பிறகு போட்டிகள் ஒழுங்குபட்டன. 1990களின் பிற்பகுதியில் காற்றடைத்த தடுப்புகள் வந்தன. ஆட்டம் காட்டை விட்டுப் புல்தரைக்கு வந்தது. 2000களின் தொடக்கத்தில் எக்ஸ்பால் என்ற வடிவம் நிலைபெற்றது. இதை வளர்த்த பி.எஸ்.பி. தொடர் 2014 பருவத்தோடு முடிவுக்கு வர, 2015 முதல் நேஷனல் எக்ஸ்பால் லீக் அந்த இடத்தில் நிற்கிறது.

எக்ஸ்பால் களம் 150 அடி நீளமும் 120 அடி அகலமும் கொண்டது. நடுக்கோட்டில் மடித்தால் ஒரு பாதி மற்றப் பாதியின் மேல் அப்படியே படியும்படி தடுப்புகள் நிறுத்தப்பட்டிருக்கும். ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் மறைவு மறுபக்கத்துக்கும் கிடைக்கும். அணிக்கு 5 பேர். எதிரணியின் தொடக்கத் தளத்தை அடைந்து மணியை அழுத்தும் அணிக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளி முடிந்ததும் இரண்டு அணிகளும் திரும்பிப் போய், சிறிய இடைவெளிக்குப் பிறகு அடுத்த சுற்றைத் தொடங்குகின்றன. குறித்த எண்ணிக்கையை முதலில் எட்டும் அணி வெல்கிறது. இதை ‘ரேஸ்’ என்பார்கள். கீழ்ப் பிரிவுகளில் 4 புள்ளி வரையிலான ரேஸ் பரவலானது. தொழில்முறை ஆட்டங்களில் அது 7 வரை நீண்டதுண்டு. நிலத்தின் தயவும் இல்லை; ஒரு சுற்றோடு ஆட்டம் முடிந்துவிடுவதும் இல்லை. இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்துதான் பிரிவு எல்லையை வெறும் நிர்வாக வசதி என்ற நிலையிலிருந்து ஆட்டத்தின் அவசியமாக மாற்றின.

ஒரு சுற்றின் முதல் நான்கைந்து விநாடிகளைக் கவனித்தால் இது விளங்கும். இரண்டு பக்கமும் ஐவர் தொடக்கப் பலகையில் ‘மார்க்கர்’ எனப்படும் துப்பாக்கியின் குழல் முனையைத் தொட்டபடி நிற்கிறார்கள். மணி ஒலிக்கிறது. ஒருவர் ‘ஸ்நேக்’ எனப்படும் தாழ்வான நீண்ட தடுப்பை நோக்கிப் பாய்கிறார்; அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் ஊர்ந்தே எதிரணியின் பக்கவாட்டுக்குப் போய்விடலாம். மற்றொருவர் எதிர்ப்பக்கத்தில் முக்கோணமாக நிற்கும் ‘டோரிட்டோ’ தடுப்பை நோக்கி ஓடுகிறார். பின்னால் நிற்பவர்கள் ஓடுவதில்லை. எதிரணி ஓட்டக்காரர் எந்த இடைவெளியைக் கடந்தாக வேண்டுமோ, அந்த இடைவெளியில் ஆள் வருவதற்கு முன்பே வரிசையாகச் சுடுகிறார்கள். இதற்கு ‘லேன்’ பிடிப்பது என்று பெயர். மார்க்கர் சுடும் வண்ண உருண்டையின் வேகம் விநாடிக்கு 300 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலான வரம்பு. ஓட்டக்காரர் இடைவெளியை அடைவதற்கு முன்பே உருண்டைகள் அங்கே பறந்துகொண்டிருக்கும். அவராகவே போய் அவற்றில் மோதிக்கொள்கிறார்.

மேல்பிரிவு அணியும் கீழ்ப்பிரிவு அணியும் வேறுபடும் இடம் இதுதான். குறி பார்த்துச் சுடுவதில் இருக்கும் வித்தியாசம் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிடச் சிறியது. லேனை எவ்வளவு விரைவில் பிடிப்பது, ஓடிக்கொண்டே சுடுவது, வலக்கை இடக்கை இரண்டிலும் மார்க்கரைச் சமமாகக் கையாள்வது, தடுப்பின் ஓரத்தில் ஒரு கணம் எட்டிப் பார்த்துச் சுட்டுவிட்டு மறைவது, இவற்றில்தான் வித்தியாசம் பெரிது. எல்லாவற்றையும்விடப் பெரியது பேச்சு. நல்ல அணியில் ஐவரும் ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பார்கள்: எதிரணியில் எத்தனை பேர் விழுந்தார்கள், மிச்சம் இருப்பவர் எந்தத் தடுப்பில், யாருடைய மார்க்கர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. புதிய அணி மௌனமாக ஆடும். ஒவ்வொருவரும் தன் தடுப்புக்குள் தனியாக இருப்பார்.

அடிபட்டவர் அந்தச் சுற்று முடியும்வரை திரும்பி வர முடியாது என்பது இந்த வித்தியாசத்தைப் பெருக்கிவிடுகிறது. தொடக்க ஓட்டத்தில் ஒருவர் விழுந்தால் ஐவருக்கு நால்வர். அந்த நால்வரில் ஒருவர் இப்போது இரண்டு எதிரிகளின் பார்வைக்குள் வந்துவிடுகிறார். அவரும் விழ, மூவர். கால்பந்தில் கோல் வாங்கிய அணி அதே பதினொருவரோடு மறுபடியும் நடுக்கோட்டுக்கு வருகிறது. பெயின்ட்பாலில் ஒரு சுற்றுக்குள் ஏற்பட்ட சிறிய சரிவை அந்தச் சுற்றுக்குள் சரிக்கட்டுவது கடினம்.

ரேஸ் முறை இதன் மேல் இன்னொரு பெருக்கத்தைச் செய்கிறது. ஒரு சுற்றை வெல்லும் வாய்ப்பு பலவீனமான அணிக்கு நூற்றுக்கு 30 என்று கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைச் சாராதது என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரே சுற்று ஆட்டத்தில் அந்த அணி நூற்றில் 30 முறை வெல்லும். 4 புள்ளி ரேஸில் அது 12 அல்லது 13 முறையாகக் குறைகிறது. 7 புள்ளி ரேஸில் சுமார் 6 முறை. சுற்று வாய்ப்பு நூற்றுக்கு 40 ஆக இருந்தால், அதாவது அணிகள் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால், 4 புள்ளி ரேஸில் 29 முறையும் 7 புள்ளி ரேஸில் 23 முறையும் வெற்றி கிடைக்கும். வாய்ப்பு 10 ஆக இருந்தாலோ 4 புள்ளி ரேஸில் வெற்றி ஆயிரத்தில் மூன்று முறைகூட வராது. உண்மையான ஆட்டத்தில் சோர்வும் பதற்றமும் சேர்ந்து இந்த எண்களை முன்னும் பின்னும் நகர்த்தும். ஆனால் போக்கு மாறாது. ஆட்டம் நீள நீள அதிசயங்கள் குறைகின்றன.

கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பையை இங்கே அடிக்கடி சான்றாகக் கொண்டுவருவார்கள். 1871–72 பருவத்தில் தொடங்கிய அந்தப் போட்டியில் எந்தப் படியிலுள்ள குழுவும் எந்தப் படியிலுள்ள குழுவோடும் மோத நேரலாம். 1972இல் சதர்ன் லீகில் ஆடிக்கொண்டிருந்த ஹெரிஃபோர்ட் யுனைடெட், முதல் டிவிஷனைச் சேர்ந்த நியூகாசிலை 2–1 என்று கூடுதல் நேரத்தில் வீழ்த்தியதை இங்கிலாந்து இன்றும் பேசுகிறது. அப்படியானால் பெயின்ட்பாலிலும் கதவைத் திறந்துவிடலாமே என்பது வாதம். இரண்டு விஷயங்கள் அதில் விடுபட்டுப்போகின்றன. கால்பந்தில் கோல்கள் அரிது. மூன்று கோலில் ஓர் ஆட்டம் தீர்ந்துவிடும்போது பலவீனமான குழுவுக்கும் இடம் இருக்கிறது. புள்ளிகளை அடுக்கிக்கொண்டே போகும் ரேஸில் அந்த இடம் இல்லை. இரண்டாவது, அதே ஹெரிஃபோர்டும் நியூகாசிலும் லீக் ஆட்டத்தில் ஒருபோதும் அப்படிக் கலக்கப்படவில்லை. கோப்பைக்கு வெளியே, இங்கிலாந்தின் லீக் அமைப்பு படிகளைக் கறாராகக் காத்தது. டிவிஷன்களுக்கு இடையே ஏறுவதற்கும் இறங்குவதற்கும் 1898 முதல் தானாக நடக்கும் வழியை வைத்துக்கொண்டது. கலப்பு நடந்தது தனியான ஒரு போட்டியில். யாருடைய தரவரிசையையும் அது தொடவில்லை.

தரவரிசைக்குரிய பெயின்ட்பால் போட்டியில் கலப்பு ஏன் கூடாது என்பதற்கு அணிகளின் மனவருத்தத்தைவிட வலுவான காரணம் அட்டவணையில் இருக்கிறது. தேசியத் தொடரின் கீழ்ப் பிரிவுகளில் ஓர் அணிக்கு முதற்கட்டத்தில் பெரும்பாலும் நான்கு ஆட்டங்களே கிடைக்கும். வெற்றி தோல்வி சமமானால் புள்ளி வித்தியாசம் பார்க்கப்படும். அதன்படி சிறந்தவை ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அடுத்த கட்ட ஆட்டங்களுக்குப் போகும். நான்கில் ஓர் ஆட்டம் மேல்பிரிவு அணியோடு அமைந்த அணி 0–4 என்ற சுமையோடு எஞ்சிய மூன்றை ஆட வேண்டும். அதே பிரிவில் கீழ்ப்பிரிவு அணி ஒன்றைப் பெற்ற மற்றோர் அணி 4–0 என்ற இலவச வரவோடு நிற்கும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமலேயே ஒன்று முன்னேறிவிடலாம். நாற்பது ஆட்டங்கள் கொண்ட பருவமாக இருந்தால் இத்தகைய ஏற்றத்தாழ்வு சமப்பட்டுவிடும். நான்கு ஆட்டங்களில் எதுவும் சமப்படாது.

இதற்குப் பின்னால் செலவும் இருக்கிறது. உருண்டைகள் 2,000 கொண்ட பெட்டிகளாக விற்கப்படுகின்றன. ஜெலட்டின் தோலுக்குள் நிறம் கலந்த பாலியெத்திலீன் கிளைக்கால் அடைத்த இந்த உருண்டை வெயிலில் வீங்கும், குளிரில் நொறுங்கும். மிச்சத்தை மாதக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்த முடியாது. லேன் பிடிக்கும் ஆட்டக்காரர் ஒரு சுற்றுக்கே நூற்றுக்கணக்கில் சுட்டுவிடுவார். கீழ்ப் பிரிவுகளில் இந்தச் செலவும் விமானச் சீட்டும் விடுதி வாடகையும் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் சொந்தப் பணம். இவ்வளவையும் செலவழித்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் ஓர் ஆட்டத்துக்காக யாரும் மாநிலம் கடந்து வரமாட்டார்கள்.

ஆனால் பிரிவு எல்லையைக் காக்க வேண்டும் என்பவர்கள் ஒரு விஷயத்தை எளிதில் மறந்துவிடுகிறார்கள். பிரிவு என்பது அணியின் சட்டையில் எழுதியிருப்பது, ஆடுபவர்கள் ஆட்கள். ஒரு மூன்றாம் பிரிவு அணிக்குள் சென்ற ஆண்டு அரைத் தொழில்முறையில் ஆடிய இருவர் இருந்தால், அந்த அணி எந்தப் பிரிவு? வேண்டுமென்றே கீழ்ப் பிரிவில் பதிவு செய்து எளிய கோப்பைகளைச் சேர்ப்பதை அமெரிக்காவில் ‘சாண்ட்பேகிங்’ என்கிறார்கள். பெயின்ட்பாலின் மிகப் பழைய புகார்களில் இதுவும் ஒன்று. இதைத் தடுக்கத்தான் தரப்படுத்தல் ஆள்வாரியாக நடக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அடையாள எண் இருக்கிறது. அவர் எந்தப் பிரிவில், எந்த இடத்தில் முடித்தார் என்பது அதில் சேர்ந்துகொண்டே வரும். போதிய புள்ளிகள் சேர்ந்ததும் அவருடைய தரம் ஏறும். ஓர் அணி தன் பிரிவைவிட உயர்ந்த தரத்தினர் எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

ஆகவே பிரிவுக்குள் மட்டும் மோதுவது என்ற விதி இந்தத் தரப்படுத்தலின் நேர்மையைச் சார்ந்தே நிற்கிறது. தரப்படுத்தல் தளர்ந்தால், ஒரே பிரிவுக்குள் நடக்கும் ஆட்டமே பிரிவு தாண்டிய ஆட்டமாகிவிடும்; பெயர்ப்பலகை மட்டும் சமமாக இருக்கும். நெடுநாள் ஆடாமல் இருந்து திரும்பி வரும் பழைய ஆட்டக்காரர் இதில் ஒரு கடினமான கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் பெற்ற தரத்தை அப்படியே வைத்தால், ஓட முடியாத உடம்போடு மேல்பிரிவில் மாட்டிக்கொள்வார். தரத்தை இறக்கினால், கால் மெதுவாகிப் போனாலும் களத்தைப் படிக்கும் கண் அப்படியே இருக்கும் ஒருவர் புதியவர்கள் நடுவே இறங்குவார். எந்த விதியும் இதை முழுதாகத் தீர்த்துவிடாது. சர்ச்சைக்குரிய பெயர்களை ஆளைப் பார்த்துத் தீர்மானிப்பதே நடைமுறை.

பயிற்சிக்கு வந்தால் காட்சி தலைகீழாகிறது. நேஷனல் எக்ஸ்பால் லீகில் ஒரு போட்டிக்கான தடுப்பு அமைப்பு போட்டிக்குச் சில நாள்கள் முன்பே வெளியிடப்படுகிறது. எல்லாப் பிரிவுகளும் அதே அமைப்பில்தான் ஆடும். வெளியான உடனே நாடு முழுதும் மைதானங்கள் அதை அப்படியே நிறுத்தி வைக்கின்றன. போட்டிக்கு முந்தைய வார இறுதியில் அணிகள் அங்கே குவிகின்றன: எந்தத் தடுப்பை எத்தனை எட்டில் அடையலாம், எங்கிருந்து எந்த லேன் பிடிபடும், ஸ்நேக்கின் எந்த மூலையில் தலை தெரிகிறது என்பதையெல்லாம் இரண்டு நாளில் கற்றாக வேண்டும். அதற்கு எதிரே இன்னோர் அணி தேவை. தெற்குக் கலிபோர்னியா, டெக்சாஸ், புளோரிடா போன்ற இடங்களில் தன் பிரிவு அணிகளைத் தேடிப் பிடிக்கலாம். மற்ற பல மாநிலங்களில் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் அணிகளே மூன்றோ நான்கோதான். அவையும் வெவ்வேறு பிரிவுகள். தன் பிரிவோடு மட்டும்தான் ஆடுவேன் என்ற அணி அங்கே தனியாகத்தான் நிற்கும். பிரிவு தாண்டிய பயிற்சி ஆட்டம் யாரும் தீர்மானித்துக் கொண்டுவந்த கொள்கை அன்று. இந்த நெருக்கடி உண்டாக்கிய வழக்கம்.

மேல்பிரிவோடு ஆடினால்தான் வளர முடியும் என்று இந்த வழக்கத்துக்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. பாதி உண்மை. சதுரங்கத்தில் தோற்பவர் கடைசிக் காய் நகர்த்தல் வரை பலகை முன் இருக்கிறார். ஒவ்வொரு தவறும் அவர் கண் முன்னேயே விலை பெறுகிறது. பெயின்ட்பாலில் தோற்பவர் அந்த இடத்திலேயே இல்லை. நல்ல அணியின் லேனுக்குள் மூன்றாவது விநாடியில் ஓடி விழுந்தவர், சுற்றின் எஞ்சிய இரண்டு நிமிடத்தையும் வெளியே ‘பிட்’டில் நின்று, முகக்கவசத்திலிருந்து வண்ணத்தைத் துடைத்தபடி கழிக்கிறார். பத்துச் சுற்றில் பத்து முறையும் இதே நடந்தால் அவர் கற்றது ஒன்றே ஒன்று: அந்த இடைவெளியை ஓடிக் கடக்க முடியாது. நடு ஆட்டத்தில் எப்படி முன்னேறுவது, மூவருக்கு மூவர் மிஞ்சும்போது யார் நகர வேண்டும், இருவருக்கு ஒருவர் என்ற நிலையில் அவசரப்படாமல் எப்படி முடிப்பது என்பவற்றை அவர் ஆடிப் பார்க்கவே இல்லை. அந்தப் பாடங்கள் சமமான அணியோடு ஆடும்போதுதான் கிடைக்கும். ஏனெனில் அங்கேதான் சுற்றுகள் நீள்கின்றன.

வலுவான அணிக்கு ஏற்படும் நட்டம் அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. பலவீனமான எதிரியின் முன்னால் எல்லா ஓட்டமும் பலிக்கும். மைதானத்தின் நடுவே நேராகப் பாய்ந்து போய் ஒருவர் இருவரைச் சுட்டுவிட்டு வரலாம். சுற்றி நின்றவர்கள் கைதட்டுவார்கள். அதே ஓட்டத்தை அடுத்த வாரம் தன் பிரிவு அணியிடம் முயன்றால் இரண்டாவது அடியிலேயே விழுவார். போட்டிக்கு முந்தைய வாரத்தில் பொய்யான தைரியத்தைச் சேர்த்துக்கொள்வதைவிட மோசமான தயாரிப்பு இல்லை. பயிற்சி வெற்றிகளின் எண்ணிக்கையை வைத்துத் தன் நிலையை அளக்கும் அணிகள் இந்தக் குழியில் அடிக்கடி விழுகின்றன.

ஆகவே பயிற்சியில் கேட்க வேண்டியது யாரோடு என்பதைவிட எப்படி என்பது. பிரிவு தாண்டிய முழு ஆட்டங்களைவிட, துண்டு துண்டான பயிற்சிகள் இரண்டு பக்கத்துக்கும் பயன் தருகின்றன. தொடக்க ஓட்டத்தை மட்டும் இருபது முறை திரும்பத் திரும்ப நடத்தலாம். மணி ஒலித்துப் பத்து விநாடியில் நிறுத்தி, விழுந்தவர் எங்கிருந்து அடிபட்டார் என்று இரண்டு அணியும் சேர்ந்து பார்க்கலாம். எல்லோரையும் தடுப்புகளில் ஏற்கெனவே நிறுத்திவிட்டு, ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் சுற்றைத் தொடங்கலாம். மூவராக நிற்பது மேல்பிரிவு அணி. அப்போது வலுவான அணிக்கு ஆள் குறைவில் பிழைக்கும் பயிற்சியும், பலவீனமான அணிக்கு முன்னிலையைக் கைநழுவ விடாமல் முடிக்கும் பயிற்சியும் ஒரே சுற்றில் அமைகின்றன. மேல்பிரிவு ஆட்டக்காரர் ஒருவரைக் கடன் வாங்கிக் கீழ்ப்பிரிவு அணியோடு சேர்த்து ஆடவிடுவது இன்னும் நல்லது. களத்துக்குள் என்ன பேச வேண்டும் என்பதை வேறு எந்த வழியிலும் இவ்வளவு விரைவாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

முற்றிலும் புதியவர்களின் நிலை தனியானது. 0.68 அங்குல விட்டமும் சுமார் 3 கிராம் எடையும் உள்ள உருண்டை நெருங்கிய தூரத்திலிருந்து பட்டால் தோல் கன்றிப்போகும். தேர்ந்த ஆட்டக்காரர் தடுப்பைச் சுற்றி ஓடி வந்து சில அடி தூரத்தில் சுடுவது விதிப்படி சரியான ஆட்டமே. ஒன்று போதும் என்ற இடத்தில் ஆறேழு பட்டுவிடுவதும் அந்த வேகத்தில் நடக்கும். அதே பிரிவு எதிரி அதை ஆட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொள்வார். ஆட வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே இப்படி அடி வாங்கிய புதியவர் மூன்றாவது ஞாயிறு வரமாட்டார். பெயின்ட்பால் மைதானங்களும் உருண்டை விற்பவர்களும் பிழைப்பது உச்சியிலுள்ள சில அணிகளால் அன்று. கடைசிப் பிரிவுகளில் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் புதியவர்களால். கடைசிப் பிரிவுக்கு மட்டும் எல்லை மற்ற எல்லாவற்றையும்விடக் கறாராக, பயிற்சியிலும் ஓரளவுக்கு, இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

உச்சியில் சிக்கல் வேறு விதம். தொழில்முறைப் பிரிவில் அணிகள் குறைவு. சான் டியேகோ டைனஸ்டி, எட்மன்டன் இம்பாக்ட், ஹூஸ்டன் ஹீட் போன்ற பெயர்களே ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும். ஒரு பிரிவு சிறியதாக இருந்து, உள்ளே வரும் வழியும் மூடியிருந்தால், அதே அணிகள் அதே அணிகளோடு மோதிக்கொண்டே இருக்கும். தொழில்முறைப் பிரிவையே சாம்பியன்ஸ், சேலஞ்சர்ஸ் என இரண்டாகப் பிரித்து, ஒன்றின் கடைசி அணிகளும் மற்றதன் முதல் அணிகளும் இடம் மாறும்படி பி.எஸ்.பி. தன் கடைசி ஆண்டுகளில் ஒரு முறையை நடத்திப் பார்த்தது. எல்லையை நீக்காமல், எல்லையின் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்களை மட்டும் கலக்கும் வழி அது. மேல்படியின் கடைசி அணிக்கும் கீழ்ப்படியின் முதல் அணிக்கும் இடையே உள்ள வித்தியாசம், ஒரே படியின் முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் இடையே உள்ளதைவிடப் பெரும்பாலும் குறைவு. பிரிவு தாண்டிய ஆட்டத்துக்கு மிகப் பொருத்தமான இடம் அந்த ஓரம்தான்.

எல்லையே இல்லாமல் எல்லோரையும் எல்லோரோடும் மோதவிட்டு, எதிரியின் வலிமைக்கேற்ப மதிப்பெண் தரும் முறையும் உலகில் இருக்கிறது. இயற்பியல் பேராசிரியர் அர்பாத் ஈலோ வகுத்த மதிப்பீட்டு முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றன. அதில் 400 புள்ளி மேலே உள்ளவரிடம் தோற்றால் இழப்பு மிகச் சொற்பம், வென்றால் வரவு பெரிது. ஆகவே திறந்த சதுரங்கப் போட்டியில் பள்ளிச் சிறுவன் கிராண்ட்மாஸ்டர் எதிரே உட்காருவதில் யாருக்கும் அநியாயமில்லை. பெயின்ட்பாலின் தரப்படுத்தல் கணக்கு இப்படிப்பட்டதன்று, போட்டியில் எந்த இடம் பிடித்தார் என்பதைப் பார்ப்பது, யாரிடம் தோற்றார் என்பதைப் பார்ப்பதில்லை. ஈலோ முறையைக் கொண்டுவரலாமே என்றால், சதுரங்கத்தில் மதிப்பெண் ஒரு மனிதருக்குரியது. பெயின்ட்பால் அணியின் ஆட்கள் பருவத்துக்குப் பருவம் மாறுகிறார்கள். ஓர் ஆண்டில் அணி ஆடும் தரவரிசை ஆட்டங்களும் மிகக் குறைவு. மதிப்பெண் நிலைபெறுவதற்கு முன்பே அந்த அணி வேறு அணியாகிவிடும்.

எஞ்சுவது உள்ளூர்த் திறந்த போட்டி. நான்கு பிரிவுகளிலிருந்து மொத்தமாக எட்டு அணிகள் மட்டுமே வரக்கூடிய ஊரில், பிரிவுவாரியாகப் போட்டி நடத்தினால் ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகள்தான் இருக்கும். கலந்தே ஆக வேண்டும். தரவரிசை எதுவும் பணயத்தில் இல்லாத இடத்தில் கலப்பதில் பிழையுமில்லை. ரேஸைச் சுருக்கினால் பலவீனமான அணிக்கு வாய்ப்புக் கூடும் என்பதை முன்பு கண்ட கணக்கே சொல்கிறது. கோல்ஃபில் நெடுங்காலமாக இருக்கும் ஹேண்டிகேப் போல முன்புள்ளி கொடுப்பது இன்னும் வலிய கருவி. சுற்றுக்கு நூற்றில் 30 வாய்ப்புள்ள அணியை 4 புள்ளி ரேஸில் 2–0 என்ற முன்னிலையோடு தொடங்கவிட்டால், அது நூற்றில் 47 முறை வெல்லும். ஆட்டம் ஏறக்குறையச் சமமாகிவிடுகிறது. ஒரே ஒரு குறை உண்டு. முன்புள்ளி பலகையில் உள்ள எண்ணைத்தான் மாற்றுகிறது, களத்தை மாற்றுவதில்லை. மணி ஒலித்ததும் ஸ்நேக்கை நோக்கி ஓடும் புதியவர் அதே லேனுக்குள்தான் ஓடுகிறார். ஆகவே முன்புள்ளி கொடுக்கும் போட்டிகளிலும் கடைசிப் பிரிவு அணிகளை முதல் சுற்றிலேயே உச்சிப் பிரிவு அணிகளோடு இணைக்காமல், அடுத்தடுத்த பிரிவுகளை மட்டும் இணைத்து அட்டவணை போடுவது நல்லது.